சாந்தா மோனிக்காவும் இருபத்தைந்து நாள் நடையும்

போன செவ்வாய்க்கிழமை முற்பகல் நான் சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது காவ்யா தொலைபேசியில் அழைத்தாள். காவ்யாவை நான் நேரில் கண்டதில்லை. சென்னைப் பெண். கார்ஹிங்கில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். ஸ்டுட்கார்ட்டில் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த வரைபடப் பதிப்பகத்துக்காக, ஊர்ப்பெயர்களைச் சரிபார்க்கும் மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறாள். அதாவது, நான் இருந்து தேய்த்த நாற்காலியில் இனி உட்காரப்போவது அவளுடைய மென்பொருள். அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அந்த நாற்காலி முதுகுக்குக் கூடாதது.

"சார், டூ மினிட்ஸ் பேசலாமா? ஒரு டவுட்."

"சொல்லுங்கோ பிள்ளை."

"பழைய கரெக்‌ஷன் ஸ்லிப்ஸ் எல்லாம் ஸ்கேன் பண்ணிட்டு இருக்கேன். நிறைய ஸ்லிப்ல ஓரமா 'மோனிக்கா'ன்னு எழுதியிருக்கு. உங்க கையெழுத்து மாதிரிதான் தெரியுது. யார் சார் அது?"

தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. என் மனைவி ஜெசிந்தா தேங்காய்ப் பால் பிழிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மோனிக்கா யார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அது பெரிய கதை பிள்ளை. வேற என்ன?"

"இன்னொண்ணு சார். அமெரிக்கா கைட்புக்ல ஒரு நேம் எந்த டேட்டாபேஸோடயும் மேட்ச் ஆகல. குருவுங்னா. எரர்னு காட்டுது. டெலீட் பண்ணிடவா?"

வெள்ளிக்கிழமைவரை தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதைத் தொலைபேசியில் சொல்ல ஏலாது, வெங்காயம் கருகிவிடும். ஆகவே எழுதுகிறேன்.

அந்தப் பதிப்பகத்தில் நான் சேர்ந்தது பெயர்களோடு மாரடிக்க அல்ல. பள்ளிக்கூடங்களுக்கான சுவர் வரைபடங்களைச் சுருட்டி அட்டைக் குழாய்க்குள் நுழைத்து, மூடி போட்டு, முகவரி ஒட்டுவதற்கு. அகதியாக வந்தவனுக்கு ஆவுஸ்பில்டுங் இல்லை, அதாவது தொழில் படித்த சான்றிதழ் ஒன்றும் கையில் இல்லை. என் பெயர் அன்ரன் குரூஸ், ஊர் மன்னார். 'குரூஸ்' போர்த்துக்கேயர் எங்கள் கரைக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. அவர்கள் எடுத்துக்கொண்டு போனவற்றோடு ஒப்பிட்டால் சின்னச் சாமான்தான்.

பொதி கட்டும் கூடத்தில் ஆறு வருடம் இருந்தேன். உலகத்தையே தோளில் தூக்கினேன் என்று சொல்லலாம், ஆசியா மட்டும் இரண்டு துண்டு. கடைசியில் முதுகில் வட்டு விலகியது. இனிப் பாரம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் எழுதித் தந்துவிட்டார். அந்தக் கடதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு யாருக்கும் காட்டாமல் இரண்டு வாரம் ஆசியாவைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நாட்களில்தான் அமெரிக்க வரைபடத்தோடு ஒரு சிறு கையேடு அச்சாகி வந்தது. அமெரிக்க நகரங்களில் உள்ள ஸ்பானியப் பெயர்கள் எப்படி வந்தன என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் கையேடு. மதியச் சாப்பாட்டின்போது ஒன்றைப் புரட்டினேன். சான் அன்டோனியோ நகரம்: ஸ்பானியர்கள் அந்த ஆற்றங்கரைக்கு வந்த நாள் புனித அந்தோனியாரின் திருநாள், அதனால் அந்தப் பெயர். அதுவரை சரி. ஆனால் நாள் ஜூலை 13 என்று போட்டிருந்தது.

எங்கள் நாட்டில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றாத சமயத்தவர் இல்லை. ஜூன் 13 என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வார்கள். போதாக்குறைக்கு நானே அன்ரன், அவருடைய பெயர்க்காரன். என்னுடைய பெயர்நாளை ஒரு மாதம் தள்ளிவைக்க இவர்கள் யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்துப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மேல்மாடிக்குத் தொலைபேசியில் சொன்னார்.

பத்து நிமிடத்தில் பெயர்ப்பிரிவின் தலைவி படியிறங்கி வந்தார். ஃப்ராவ் ஏபர்லே. ஒல்லியான, நீளமான பெண். கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி, மேல்பையில் சிவப்புப் பென்சில் ஒன்று, பச்சைப் பென்சில் ஒன்று. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது உங்களுக்கு எங்கிருந்து தெரியும்?"

அவர் ஜெர்மன் மொழியில் கேட்டதைத்தான் தமிழில் எழுதுகிறேன். கேட்ட தொனியைத் தமிழில் எழுத முடியவில்லை. அதில் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. எனக்கு உண்மையிலேயே ஏதோ தெரிந்திருக்கக்கூடும் என்ற மரியாதை இருந்தது. ஆறு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் சட்டைப்பையிலிருந்து பணப்பையை எடுத்து, அதற்குள் இருந்த அந்தோனியார் படத்தைக் காட்டினேன். பின்பக்கத்தில் திருநாள் ஜெர்மன் மொழியிலேயே அச்சிட்டிருந்தது. அவர் அதைக் கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் பார்த்தார். அன்று பின்னேரம் கையேடுகள் எல்லாம் கூடத்திலிருந்து திரும்பி மேலே போயின. அடுத்த வாரம் நானும் போனேன். ஆறு மாதம் பரீட்சார்த்தமாகப் பெயர்ப்பிரிவில் வேலை. தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் வீடு, ஏனென்றால் என் இடத்துக்குக் கூடத்தில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். மருத்துவர் தந்த கடதாசியை அப்போதுதான் வெளியே எடுத்தேன்.

அவர் என்னை வேலைக்குப் பழக்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் மாதம் முழுக்கப் பென்சில் சீவினேன். சிவப்பு என்றால் பிழை, பச்சை என்றால் சந்தேகம். பேனா தொடக்கூடாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு துண்டுச்சீட்டு. புதுக் கடதாசியில் சீட்டு வெட்ட ஃப்ராவ் ஏபர்லேக்கு மனம் வராது. ஷ்வேபியப் பெண், அந்தப் பகுதி ஆட்களுக்குச் சிக்கனம் இரத்தத்தில் ஊறியது. பழுதாகிய வரைபடங்களை வெட்டித்தான் சீட்டு. பின்பக்கம் திருப்பினால் பசிபிக் சமுத்திரத்தில் ஒரு துண்டு இருக்கும். சீட்டில் பிழை செய்தவர் பெயர், அதை மேசைக்குக் கொண்டுவந்தவர் பெயர், ஆதாரம், தீர்ப்பு, கீழே இரண்டு கையெழுத்து. ஆதாரம் என்ற இடத்தில் "எல்லோருக்கும் தெரியும்" என்று ஒருநாள் எழுதினேன். "எல்லோருடைய முகவரியையும் எழுதுங்கள்" என்று திருப்பித் தந்தார்.

அச்சுக்குப் போகுமுன் பெயர்களை இருவர் உட்கார்ந்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஒருவர் தாளில் விரல் வைத்துப் பெயரைச் சொல்லி எழுத்து எழுத்தாகக் கூட்டுவார், மற்றவர் இன்னொரு தாளில் விரல் வைத்துக்கொண்டு "சரி" என்பார். அட்டவணையின் கடைசியிலிருந்து முதலுக்குப் போக வேண்டும். முன்னாலிருந்து போனால் மனம் ஓடிவிடும் என்பது அவருடைய கணக்கு. பத்து மணிக்கு ஒரு பிரெட்சல் ரொட்டி, வெண்ணெய் பூசாமல், மேசையில் துகள் விழாமல். பிறகு மறுபடி வாசிப்பு.

இதில்தான் எனக்கு ஒரு சங்கடம். சாந்தா பார்பரா, சான் ஹோசே, சான் பிரான்சிஸ்கோ, சான் டியேகோ என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் வாய் தானாகவே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து கோயிலில் புனிதர் மன்றாட்டு மாலை சொன்ன வாய். ஒரு புனிதரின் பெயர் காதில் விழுந்தால் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லி முடித்தால்தான் அடங்கும். மூன்றாம் நாள் ஃப்ராவ் ஏபர்லே விரலைத் தாளிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"ஹெர் குரூஸ், ஒவ்வொரு பெயருக்கும் பிறகு என்ன சொல்கிறீர்கள்?"

மறைக்காமல் விளக்கினேன். அவர் கடும் புரட்டஸ்தாந்துக் குடும்பம், தகப்பனார் போதகர்.

"எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வதில்லை. இங்கே 'சரி' என்று சொன்னால் போதும்."

அன்றிலிருந்து நான் "சரி" என்றே சொன்னேன். வேண்டிக்கொள்ளும் என்பதை உதட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அவருக்கும் அது தெரியும். என் உதடு அசைந்து முடியும்வரை அடுத்த பெயருக்குப் போகமாட்டார்.

அல்புகெர்க்கே நகரத்தை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பெயினில் இருந்த ஒரு பிரபுவின் பட்டப்பெயரை வைத்து அந்த ஊருக்குப் பெயரிட்டார்களாம். காலப்போக்கில் 'பு'வுக்குப் பின்னால் இருந்த ஓர் 'ர்' தொலைந்துபோனது. நான் புதுத் துடைப்பம் அல்லவா, சிவப்புப் பென்சிலால் அந்த எழுத்தைத் திரும்பப் போட்டேன். ஃப்ராவ் ஏபர்லே அதை அழித்தார். "அந்தப் பிழை இப்போது அந்த ஊரின் சொத்து. நம்முடைய வேலை புதுப் பிழை சேராமல் பார்ப்பது மட்டும்" என்றார்.

அந்தக் கையேட்டின் இரண்டாம் பதிப்பை முழுமையாகப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஸ்பானியர்கள் பெயர் வைத்த முறை எனக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. காலையில் எழும்பி நாட்காட்டியைப் பார்ப்பார்கள். அன்றைக்கு யாருடைய திருநாளோ, எதிரே கண்ட ஆற்றுக்கோ குன்றுக்கோ அவருடைய பெயர். அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் அந்த ஆற்றுக்குப் பெயர் வைக்காமலா தண்ணீர் குடித்திருப்பார்கள்? வந்தவர்களுக்கு அதைக் கேட்க நேரம் இருக்கவில்லை. எங்கள் கையேட்டுக்கும் இருக்கவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு என் நாட்காட்டிதான் பெரிதாக இருந்தது.

அந்த நாட்காட்டி ஒவ்வொரு வருடமும் மன்னாரிலிருந்து ஜெசிந்தாவின் தம்பி அனுப்புவது. எங்கள் சமையலறைச் சுவரில் அடுப்புக்கு மேலே தொங்கும். ஓகஸ்ட் 2, சம்மனசுகளின் இராக்கினி, அதாவது தேவதூதர்களின் அரசி, திருநாள்: அன்றைக்குத்தான் ஸ்பானியப் படை லாஸ் ஏஞ்சலிஸ் ஆற்றங்கரையில் நின்றது. பொருந்தியது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் பொருந்தின. பிரிவில் எல்லோரும் புரட்டஸ்தாந்துக்காரர் அல்லது ஒன்றுமே இல்லாதவர்கள். புனிதர் விவகாரம் என்றால் ஹெர் குரூஸ் என்று ஆகிவிட்டது. சீட்டில் ஆதாரம் என்ற இடத்தில் "தமிழ்க் கத்தோலிக்க நாட்காட்டி, சமையலறை" என்று எழுதுவேன். ஃப்ராவ் ஏபர்லே அதையும் ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டார்.

அப்படித்தான் சாந்தா மோனிக்கா வந்தது. லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். அங்கே இரண்டு நீரூற்றுகள் இருந்தன. தறிகெட்டுத் திரிந்த மகன் அகுஸ்தீனுக்காக அழுத தாய் மோனிக்காவின் கண்ணீரை அவை பாதிரியாருக்கு நினைவூட்டினவாம். படை அந்தக் கரைக்கு வந்ததற்கு அடுத்த வருடம் மே 4, புனித மோனிக்காவின் திருநாளன்று, அந்தப் பெயர் வைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது என்று கையேட்டில் இருந்தது.

மே 4? எனக்குச் சிரிப்பு வந்தது. மோனிக்காவுக்கு ஓகஸ்ட் 27, மறுநாள் மகன் அகுஸ்தீனுக்கு. ஞானோபதேசம் படித்த எந்தப் பிள்ளையும் சொல்லும். படையும் ஓகஸ்டில்தானே வந்தது? சிவப்புப் பென்சிலை எடுத்தேன். பச்சையை அல்ல, சிவப்பை. "அதே வருடம் ஓகஸ்ட் 27, புனித மோனிக்காவின் திருநாளன்று" என்று திருத்தினேன். அதோடு நிற்காமல், "அவருடைய மகன் அகுஸ்தீனின் திருநாளுக்கு முதல் நாள்" என்றும் சேர்த்தேன். அந்தப் பத்தியின் கடைசி வரியில் ஒரேயொரு சொல் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. அப்படித் தொங்குவது ஃப்ராவ் ஏபர்லேக்குப் பிடிக்காது. என் சேர்க்கையால் வரி நிறைந்தது. அவர் மகிழ்ந்து கையெழுத்திட்டார், கையேடு அச்சாகியது.

என் ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டேர்மின், என்னை வைத்திருப்பதா அனுப்புவதா என்று ஃப்ராவ் ஏபர்லே சொல்லும் நாள். அந்தத் திங்கட்கிழமை வாசகர் கடிதங்களைப் பிரித்தேன். பிரிவில் புதியவன் செய்கிற வேலை அது. ஒரு கடிதம் தென்பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்தது. அழகான கையெழுத்து. இன்றும் வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"மதிப்புக்குரியோரே, என் பெயர் மோனிக்கா. மே 4 பிறந்ததால் எனக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். வளர்ந்து ஆளாகும்வரை பிறந்தநாளும் பெயர்நாளும் ஒன்றாக இருந்ததால் எனக்கு ஒரு கேக்தான் கிடைத்தது. பிறகு ரோமாபுரி புனிதர்களின் நாட்களை மாற்றியமைத்தபோது என்னுடையதை ஓகஸ்ட் 27க்குக் கொண்டுபோனது. என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் காலத்து ஸ்பானியர்களையும் ரோமாபுரி இடம் மாற்றிவிட்டது என்பதை என் பேரனுடைய கையேட்டில்தான் அறிந்தேன்."

திருநாட்களை மாற்றியது நான் பிறந்த பிறகு நடந்த விஷயம். நான் இன்றைய நாட்காட்டியைக் கொண்டுபோய் அன்றைய ஆட்களின் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். சரியாக இருந்ததைச் சிவப்பால் பிழையாக்கி, அதற்கு மேல் பூவும் வைத்திருக்கிறேன்.

விதிப்படி உடனே சீட்டு எழுத வேண்டும். நான் எழுதவில்லை. டேர்மின் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று நினைத்தேன். மேசையில் வைக்கப் பயம், வீட்டுக்குக் கொண்டுபோக வெட்கம். பொதி கட்டியவனுக்குப் பொதி கட்டியவனின் மூளை. மாதிரிப் பிரதிகள் நிற்கும் அலமாரியில் அன்டார்க்டிக்கா வரைபடக் குழாயைத் திறந்து, கடிதத்தைச் சுருட்டி உள்ளே விட்டு மூடினேன். அன்டார்க்டிக்காவை யாரும் கேட்பதில்லை. ஆறு வருடத்தில் நான் ஒன்றுகூட அனுப்பியதில்லை.

புதன்கிழமை எர்லாங்கனிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் அன்டார்க்டிக்கா கேட்டது. கூடத்தில் இருப்பு இல்லாததால் மாதிரிப் பிரதியையே எடுத்துப்போயிருந்தார்கள். நான் மதியம் அலமாரியைப் பார்க்கிறேன், குழாய் இல்லை. மருத்துவர் எழுதித் தந்ததையெல்லாம் மறந்து படியில் ஓடினேன். குழாய் மூடி ஒட்டி, முகவரி ஒட்டி, வண்டியில் கிடந்தது. என் இடத்துக்கு வந்த பெடியன் நல்ல வேலைக்காரன், மூன்று சுற்று ஒட்டியிருந்தான். நான் பல்லால் கடித்துப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஒரு கத்தியைத் தந்தான். கடிதத்தை எடுத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, பனிக்கண்டத்தின் மேலேயே கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

வீட்டில் ஜெசிந்தா முகத்தைக் கண்டதும் பிடித்துவிட்டாள்.

"என்னப்பா, வேலையாலை நிப்பாட்டிப்போட்டினமே?"

"இன்னும் இல்லை. வெள்ளிக்கிழமை நிப்பாட்டுவினம்."

கடிதத்தைக் கொடுத்தேன். அவளுக்கு ஜெர்மன் என்னைவிடத் திறம். வாசித்து முடித்துவிட்டு அலமாரியிலிருந்து தன் தாயாரின் பழைய செபப்புத்தகத்தை எடுத்துவந்தாள். முன்பக்கத்தில் திருநாள் அட்டவணை. மே மாதம், 4: அர்ச். மோனிக்கம்மாள். என் வீட்டிலேயே, அடுப்பிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறது.

"அப்ப மகனுக்குப் பக்கத்திலை இருக்கட்டும் எண்டுதான் பிறகு ஆவணிக்குக் கொண்டுபோயிருக்கினம்," என்றாள். "இதை எத்தினை நாளா ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

"மூண்டு நாள்."

"ஒளிச்சு வைச்சால் மே மாதம் ஓகஸ்ட் ஆகிடுமே? நாளைக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ. நிப்பாட்டினால் நிப்பாட்டட்டும். நான் ரெண்டு வீடு கூடத் துப்பரவாக்கிறன்."

அவள் அதைச் சும்மா சொல்லவில்லை, செய்திருப்பாள். அன்றிரவே சீட்டை எழுதினேன்.

வியாழக்கிழமை பத்து மணி, பிரெட்சல் நேரம். கடிதத்தையும் செபப்புத்தகத்தையும் எழுதிய சீட்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

"ஃப்ராவ் ஏபர்லே, ஒரு பிழை. என்னுடையது."

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். செபப்புத்தகத்தை விரித்துக் காட்டினேன். தமிழ் தெரியாவிட்டாலும் என் விரலுக்குப் பக்கத்தில் 4 என்ற இலக்கம் அவருக்குத் தெரிந்தது.

"கடிதம் எப்போது வந்தது?"

"திங்கட்கிழமை."

"இன்றைக்கு வியாழன். இடையில் எங்கே இருந்தது?"

பொய் சொல்ல ஆயத்தமாகத்தான் இருந்தேன். ஆனால் வாயில் உண்மைதான் வந்தது.

"அன்டார்க்டிக்காவில்."

அவர் பிரெட்சலைக் கீழே வைத்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. எழுந்துபோய் அமெரிக்க வரைபடத்தை விரித்து, அளவுகோலை எடுத்து, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சாந்தா மோனிக்காவுக்கு வைத்தார். அளவுகோல் அவ்வளவாக நகரவில்லை.

"ஒரு நாள் நடை. ஓகஸ்ட் 2 இங்கே. உங்களுடைய திருத்தத்தின்படி ஓகஸ்ட் 27 அங்கே. ஹெர் குரூஸ், இருபத்தைந்து நாள் அவர்கள் என்ன செய்தார்கள்? பஸ்ஸுக்குக் காத்திருந்தார்களா?"

நான் தலை குனிந்தேன். பிறகுதான் கவனித்தேன், அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், கண்ணாடி சங்கிலியில் ஆடும்படி. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கீழே இருக்கிற இரண்டாவது கையெழுத்து என்னுடையது. நான் அளந்து பார்த்திருக்க வேண்டும். காலம் முழுக்க வரைபடத்தோடு வாழ்ந்துவிட்டு, உங்கள் சமையலறையை நம்பிவிட்டேன்."

பிறகு சீட்டைப் பார்த்தார். பிழை செய்தவர்: குரூஸ். மேசைக்குக் கொண்டுவந்தவர்: குரூஸ்.

"இந்த இரண்டு இடத்திலும் ஒரே பெயரை நான் இதுவரை கண்டதில்லை" என்றார். "நாளைக்கு நீங்கள் வரத் தேவையில்லை."

நான் மேசையிலிருந்த செபப்புத்தகத்தை எடுத்து மூடினேன்.

"டேர்மினுக்கு, என்று சொல்கிறேன். வேலைக்கு வாருங்கள். அது தீர்ந்த விஷயம். கடிதத்தை மறைத்தது வேறு விஷயம். அதற்கு நீங்கள் அந்த அம்மாவுக்குக் கையால் பதில் எழுத வேண்டும். கேக்கைப் பற்றியும்."

எழுதினேன். வருடத்துக்கு வருடம் மே 4 அன்று மோனிக்கா அம்மாவுக்கு ஒரு வாழ்த்து அட்டையும் அனுப்பினேன். ஓகஸ்ட் 27க்கும் ஒன்று அனுப்பும்படி அவர் கேட்டு எழுதினார், அதையும் அனுப்பினேன்.

காவ்யாவின் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. தனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறவர் செய்த திருத்தத்தை, அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத இன்னொருவர் வேறு வழியால் சரிபார்க்க வேண்டும். நாட்காட்டிக்காரன் செய்ததை அளவுகோல்காரி பார்க்க வேண்டும். பார்த்து முடிந்ததும், திருத்தியவரே தன் சீட்டின் ஓரத்தில் "மோனிக்கா" என்று எழுதுவார். என்னுடைய சீட்டுகளில் அது அதிகம் இருந்தால், அதற்குக் காரணம் என்னுடைய குணம்.

இரண்டாவது கேள்வி குருவுங்னா. மறுபதிப்புக்குத் தேதியை மே 4 என்று திருப்பினோம். என்னுடைய அகுஸ்தீன் வாலை வெட்டியதும் பத்தியின் கடைசி வரியில் அந்த ஒற்றைச் சொல் மறுபடி தொங்கியது. இதற்கிடையில், இம்முறை தேதியில் கவனமாக இருக்க வேண்டும் என்று, சாந்தா மோனிக்காவின் நீரூற்றைப் பராமரிக்கும் அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு நான் கடிதம் எழுதியிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஊற்று இன்னும் ஒரு பள்ளிக்கூட வளவுக்குள் சுரக்கிறதாம். புகைப்படமும் வைத்திருந்தார்கள். தேதியைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்கள்: "அது எங்களுக்குத் தெரியாது. எங்களைக் கேட்டு வைக்கவில்லை. எங்களுடைய பெயர் குருவுங்னா. நாங்கள் வெயிலில் இருக்கும் இடம் என்று அர்த்தம்."

அந்தப் பெயரைக் கடைசி வரியில் போடலாமா என்று ஃப்ராவ் ஏபர்லேயிடம் கேட்டேன். கையேடு ஸ்பானியப் பெயர்களைப் பற்றியது என்றார் அவர். கடிதத்தை வாங்கி வாசித்தார். பிறகு திடீரென்று கேட்டார்.

"குரூஸ் என்பது எந்த மொழி?"

"போர்த்துக்கேயம்."

"அதற்கு முன்னால் உங்கள் குடும்பத்துக்கு என்ன பெயர்?"

அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எத்தனை தலைமுறை குரூஸ். அதற்கு முன்னால் ஒருவனை அவன் தாய் ஏதோ ஒரு பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள்.

"தெரியாது. ஆதாரம் இல்லை."

"இதற்கு இருக்கிறது" என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார். "போடுங்கள். வரியும் நிறையும்."

அச்சுக்குப் போகுமுன் வழக்கம்போல உட்கார்ந்து வாசித்தோம், பின்னாலிருந்து முன்னுக்கு. சாந்தா மோனிக்கா வந்தது. "சரி" என்றேன், உதட்டை அசைத்தேன். இன்னும் சில பெயர் தள்ளிக் குருவுங்னா. அவர் எழுத்து எழுத்தாகக் கூட்டினார். "சரி" என்றேன். அவர் அடுத்ததற்குப் போகவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றும் சொல்லவில்லையா?"

"அது புனிதர் இல்லை, ஃப்ராவ் ஏபர்லே."

"பரவாயில்லை. சொல்லுங்கள்."

சொன்னேன். உதட்டுக்குள் அல்ல, வாய்விட்டு. போதகரின் மகள் கேட்டுவிட்டு, தலையை ஒருதரம் அசைத்து, விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

இவ்வளவையும் எழுதி வியாழக்கிழமை இரவு காவ்யாவுக்கு அனுப்பினேன். நேற்று வெள்ளிக்கிழமை, கார்ஹிங் போகும் சுரங்க ரயிலில் இருந்தபடியே அழைத்தாள்.

"படிச்சேன் சார். டெலீட் பண்ணல. அந்த குருவுங்னா லெட்டரும் ஃபைல்லயே இருந்துச்சு, ஸ்கேன் பண்ணிச் சேர்த்துட்டேன். ஒரு தடவை ஸ்பெல்லிங் மட்டும் கன்ஃபர்ம் பண்ணிக்கலாமா? நான் படிக்கறேன், நீங்க சொல்லுங்க."

ரயில் சத்தத்துக்கு நடுவே எழுத்து எழுத்தாகக் கூட்டி முடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."



"அப்போ, சரின்னு போட்டுக்கறேன் சார்."

"ஓம் பிள்ளை. போடுங்கோ."